சூடு மட்டும் கைமாறும்

1913 ஜனவரியில் தெற்குக் கலிஃபோர்னியாவை ஒரு கடுங்குளிர் தாக்கியது. ஆரஞ்சும் எலுமிச்சையும் விளைகிற பூமி அது. தண்ணீர் உறையும் குளிரைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படாத ஊர்கள். அந்தச் சில இரவுகளில் தோட்டம் தோட்டமாகப் பழங்கள் உறைந்து வீணாயின. கூரைகளின் மேலும் சேதம் நடந்தது. வில்லியம் பெய்லி என்ற பொறியாளர் 1909 முதல் விற்றுவந்த சூரிய வெந்நீர்ச் சாதனங்களின் குழாய்கள் வெடித்தன. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு கூடும். குழாய்க்குள் அடைபட்ட தண்ணீருக்கு அந்தக் கூடுதல் இடம் எங்கே கிடைக்கும்?

பெய்லியின் சாதனத்துக்கு 'டே அண்ட் நைட்' என்று பெயர். பகலும் இரவும் வெந்நீர் வரும் என்ற விளம்பரம் பெயரிலேயே இருந்தது. அவருக்கு முன்னால், 1891இல், பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் காப்புரிமை பெற்ற 'கிளைமாக்ஸ்' சாதனத்தில் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் தண்ணீர்த் தொட்டியே கிடந்தது. பிற்பகலில் வெந்நீர் வரும், விடிந்தால் பச்சைத்தண்ணீர்தான். பெய்லி தொட்டியையும் வெயில் வாங்கும் தகட்டையும் பிரித்தார். கண்ணாடிக்கு அடியில் கறுப்புத் தகடு, அதில் ஒட்டிய குழாய். தொட்டி மேலே, சூடு வெளியேறாதபடி போர்வை போர்த்தியது. சூடான தண்ணீர் லேசாகித் தானே மேலே ஏறும், குளிர்ந்தது தானே கீழே இறங்கும். மோட்டாரே தேவையில்லை. இன்று நம் மொட்டைமாடிகளில் நிற்கும் சோலார் ஹீட்டர்களில் பெரும்பாலானவை இந்தப் பெய்லி வம்சம்தான்.

குழாய்கள் வெடித்த பிறகு அவர் செய்த மாற்றம் எளியது. தொட்டிக்குள் ஒரு சுருள் குழாயை இறக்கினார். அந்தச் சுருளையும் கூரைத் தகட்டையும் இணைத்து, நடுவில் ஆல்கஹால் கலந்த தண்ணீரை அடைத்துவிட்டார். ஆல்கஹால் கலந்தால் எளிதில் உறையாது. கூரைக்குப் போய் வெயில் வாங்கி வருவது அந்தக் கலவை; வீட்டார் குளிப்பது சுருளுக்கு வெளியே தொட்டியில் இருக்கும் நல்ல தண்ணீரில். செப்புச் சுவரைத் தாண்டிச் சூடு மட்டும் கைமாறும், திரவங்கள் கலக்கா. மூடிய சுற்று என்று இன்று சொல்வதன் அடிப்படை முழுவதும் இதில் அடங்கிவிட்டது. பிறகு வந்த நூறாண்டுகளில் சேர்ந்தவையெல்லாம் வால்வுகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும்தான்.

ஆனால் அந்த வால்வுகளில்தான் சுவாரசியம் இருக்கிறது. ஒரு பாதையை மூடி அடைத்துவிட்டால், திறந்திருந்தபோது இல்லாத பல சங்கடங்கள் முளைக்கின்றன. பனி என்ற ஒரு பகையைத் துரத்திவிட்டு வேறு சில பகைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம் என்பதே என் கணிப்பு. அவற்றைச் சமாளிக்கத் தெரிந்தால் லாபம். தெரியாமல் வாங்கினால், குளிக்கும் தண்ணீரே கூரைக்குப் போய்வரும் திறந்த சுற்றே மேல்.

குளிர்நாட்டு வீடுகளில் உள்ள வகையை முதலில் பார்ப்போம். அங்கே கனமான தண்ணீர்த் தொட்டியைக் கூரையில் ஏற்ற மாட்டார்கள். அது நிலவறையில் இருக்கும். சூடானது மேலே ஏறும் என்ற இயற்கை விதி இங்கே எதிராக வேலை செய்கிறது. சூடு பிறப்பது உச்சியில், தேவைப்படுவது அடியில். எனவே ஒரு பம்ப் வேண்டும். மூன்று மாடி உயரத்துக்குத் திரவத்தைத் தள்ளும் அந்தப் பம்ப் எத்தனை வாட் என்று கேட்டால் நம் ஊர் ஆட்கள் அரை எச்.பி., ஒரு எச்.பி. என்று சொல்வார்கள். ஓவர்ஹெட் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றிய அனுபவம் அப்படி. ஒரு எச்.பி. என்பது 746 வாட். இங்கே ஓடுவதோ 40, 50 வாட் பம்ப். பழைய குண்டு பல்பு எரிந்த மின்சாரம்.

காரணம், அந்தப் பம்ப் எதையும் தூக்குவதில்லை. கிணற்று ராட்டில் கயிற்றின் இரண்டு முனையிலும் சம எடையுள்ள வாளிகளைக் கட்டியிருந்தால், ஒன்று இறங்கும்போது மற்றது தானே ஏறும். நம் கை கொடுக்க வேண்டியது ராட்டின் உராய்வுக்கு மட்டும். மூடிய சுற்றிலும் அப்படித்தான். ஏறும் குழாயில் நிற்கும் திரவத்தின் எடையை, இறங்கும் குழாயில் நிற்கும் திரவத்தின் எடை ஈடுகட்டிவிடுகிறது. மிச்சம் இருப்பது குழாயின் உள்சுவரோடு திரவம் உரசும் தடை. அதை வெல்ல 40 வாட் தாராளம். ஒரேயொரு தடவை, முதன்முதலாகச் சுற்றை நிரப்பும்போது மட்டும், உச்சி வரை தள்ளக்கூடிய பெரிய பம்பைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. சுற்றில் காற்று இருக்கக் கூடாது. உச்சிக் குழாயில் ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டால் அந்த இடத்தில் கயிறு அறுந்த மாதிரிதான். சின்னப் பம்பால் அதைத் தாண்டித் திரவத்தைத் தூக்க முடியாது. பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், கூரைத் தகடு, அதாவது பேனல், கொதிக்கும், தொட்டி மட்டும் குளிர்ந்தே இருக்கும். மூடிய சுற்றில் வரும் புகார்களில் இது அடிக்கடி வருவது. உச்சியில் ஒரு காற்றுப்போக்கி வால்வு வைப்பது அதற்காகத்தான்.

பம்ப் எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்க இரண்டு வெப்ப உணரிகள் போதும். ஒன்று பேனலின் வாய்ப்புறத்தில், இன்னொன்று தொட்டியின் அடியில். பேனல், தொட்டி அடியைவிட ஏறக்குறைய 8 டிகிரி அதிகம் சூடானால் பம்ப் ஓடத் தொடங்கும். வித்தியாசம் 3, 4 டிகிரிக்கு இறங்கினால் நிற்கும். இரண்டு எண்களும் ஏன் வேறுவேறு? ஒரே எண்ணாக வைத்திருந்தால், பம்ப் ஓடிய மறுநிமிடம் குளிர்ந்த திரவம் பேனலுக்குப் போய் அதைக் குளிர்விக்கும், பம்ப் நிற்கும், மறுபடி சூடேறும், மறுபடி ஓடும். ரிலே நாள் முழுக்க டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்து சீக்கிரமே உயிரை விட்டுவிடும்.

தொட்டியின் அடியில் உணரி வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. வெந்நீர் மேலே மிதக்கும், பச்சைத்தண்ணீர் அடியில் தங்கும். கலக்காமல் விட்டால் இந்த அடுக்கு மணிக்கணக்கில் நிலைக்கும். சுருளும் அடியில்தான் இருக்கும். குளிர்ந்த தண்ணீரோடு உறவாடினால்தான் சுருளிலிருந்து அதிகச் சூட்டைக் கறக்க முடியும். குளியலறைக்குப் போகும் குழாய் உச்சியிலிருந்து கிளம்பும்.

ராத்திரியில் கதை தலைகீழாகிறது. பம்ப் நின்றுவிட்டது, வானம் குளிர்ந்துவிட்டது. இப்போது தொட்டியில்தான் சூடு இருக்கிறது, அதுவும் வீட்டின் அடியில், பேனலுக்குக் கீழே. சுருளில் சூடான திரவம் லேசாகித் தானே கூரைக்கு ஏறும்; பேனலில் குளிர்ந்தது தானே இறங்கும். பகலில் வெயிலிடமிருந்து சேர்த்ததை இரவு முழுக்க வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் இந்தக் கசிவைத் தடுக்க ஒருவழி வால்வு ஒன்று வைக்கிறார்கள். அது பழுதானால் காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். வெயில் குறைவு என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிற வீடுகளும் உண்டு. ராத்திரியில் பேனலுக்குப் போகும் குழாயைத் தொட்டுப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

சுற்றுக்குள் ஓடுவது இன்று ஆல்கஹால் அல்ல, கிளைக்கால். அதில் இரண்டு வகை. எத்திலீன் கிளைக்கால் என்பது கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் இருப்பது. சூட்டை நன்றாகக் கடத்தும், ஆனால் விஷம். புரொப்பிலீன் கிளைக்கால் உணவுப் பொருட்களிலும் மருந்துகளிலும் சேர்க்க அனுமதிக்கப்பட்டது. நடுவிலுள்ள செப்புச் சுவரில் என்றாவது ஒரு நாள் ஓட்டை விழலாம், அன்று சுற்றுக்குள் இருப்பது குளிக்கும் தண்ணீரில், சில வீடுகளில் சமையல் தண்ணீரிலேயே, கலக்கும் என்பதால் வீட்டுச் சாதனத்தில் புரொப்பிலீன் கிளைக்காலைத்தான் ஊற்ற வேண்டும். செலவு மிச்சம் என்று கார் கூலன்ட்டை ஊற்றும் வேலைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

40 விழுக்காடு புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த தண்ணீர் மைனஸ் 20 டிகிரி வரை உறையாது. அதற்குக் கூலி உண்டு. வெறும் தண்ணீரைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவான சூட்டையே அது சுமக்கும். குளிரில் பிசுபிசுத்துப் பம்புக்குச் சிரமம் தரும். போதாதற்கு, சுருளின் சுவரைத் தாண்டிச் சூடு பாய வேண்டுமென்றால் உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடச் சில டிகிரி அதிகம் சூடாக இருந்தாக வேண்டும். பேனல் எவ்வளவு அதிகம் சூடாகிறதோ அவ்வளவு சூட்டைக் காற்றிடம் இழக்கும். ஆகவே, மற்ற எல்லாம் சமமாக இருந்தால், மூடிய சுற்று திறந்த சுற்றைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வெந்நீர் தரும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று பார்க்க, ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நல்ல வெயில் நாளில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 5 கிலோவாட் மணி, அதாவது 5 யூனிட். நூறு லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டியது 3.8 யூனிட். 2 சதுர மீட்டர் பேனலில் விழுவது 10 யூனிட். அதில் பாதியைப் பிடித்தாலே 5. எனவே சுருளின் சுவரில் கொஞ்சம் போனாலும் குளிக்கத் தண்ணீர் சூடாகிவிடும். பேனல் இவ்வளவு பிடிப்பதற்கு அதன் கறுப்புப் பூச்சும் ஒரு காரணம். வெயிலை விழுங்கிக்கொண்டு, வெப்பக் கதிராகத் திருப்பி உமிழாமல் கஞ்சத்தனம் பண்ணும் பூச்சு அது. 1950களில் இஸ்ரேலில் ஹாரி ட்சுவி தபோர் உருவாக்கிய வழி. சாதாரணக் கறுப்புப் பெயின்ட் வாங்கியதில் கணிசமான பங்கைத் திருப்பி வீசிவிடும்.

இனி, மூடியதால் முளைத்த பெரிய சங்கடம். சூடானால் திரவம் விரியும். 20 லிட்டர் கிளைக்கால் கலவை காலை 20 டிகிரியிலிருந்து மதியம் 90 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கூடும். திறந்த தொட்டியில் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். நாலா பக்கமும் அடைத்த குழாய்க்குள் அந்த ஒரு லிட்டர் போக இடமில்லை. திரவத்தை அமுக்கவும் முடியாது. அதனால் சுற்றின் ஓரத்தில் ஒரு விரிவுத் தொட்டியைப் பொருத்துகிறார்கள். உள்ளே குறுக்கே ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் திரவம், மறுபக்கம் அழுத்தத்தில் அடைத்த காற்று அல்லது நைட்ரஜன். திரவம் விரிந்தால் சவ்வு காற்றின் பக்கம் சாயும், குளிர்ந்தால் திரும்பும். பிரஷர் கேஜின் முள் காலையில் ஓரிடத்திலும் மதியம் அதற்குக் கொஞ்சம் மேலேயும் நின்றால் எல்லாம் ஒழுங்கு. காலையில் பார்க்கும்போது முள் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தால் எங்கேயோ கசிகிறது. மதியத்தில் மட்டும் எகிறினால் விரிவுத் தொட்டியின் காற்று போய்விட்டது.

நிஜமான சோதனை மே மாத விடுமுறை. வீட்டார் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டார்கள். வெந்நீரை யாரும் திறக்கவில்லை. தொட்டி 80, 85 டிகிரியைத் தொட்டதும் கட்டுப்பாட்டுப் பெட்டி பம்பை நிறுத்திவிடுகிறது. மேலும் சூடாக்கினால் ஆபத்து. ஆனால் வெயிலை நிறுத்த ஆள் இல்லை. திரவம் அசையாமல் கிடக்கும் பேனல் 150, 180 டிகிரி என்று ஏறிக்கொண்டே போகும். தகட்டுக்குப் பதில் இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய்களை வைத்த வெற்றிடக் குழாய் வகையானால் 200ஐயும் தாண்டும். அந்தச் சூட்டில் கிளைக்கால் சிதையும், புளித்து அமிலமாகும், செம்பை அரிக்கும், கடைசியில் கறுத்த கோந்தாகிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். உறைபனிக்காக ஊற்றிய மருந்து வெயிலில் கெடுகிறது.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. கொதிப்பதைத் தடுக்காதே, கொதிக்க விடு என்பதுதான் அது. பேனலில் இருக்கும் திரவத்தில் கொஞ்சம் ஆவியாகும். ஆவிக்கு இடம் அதிகம் வேண்டும். அது மீதித் திரவத்தைப் பேனலிலிருந்து கீழே தள்ளிக்கொண்டுபோய் விரிவுத் தொட்டியில் சேர்க்கும். பேனல் காலியாகிவிடும். காய்வது வெறும் செம்பு, அதற்குச் சேதமில்லை. கிளைக்கால் கீழே பத்திரமாக இருக்கும். சாயங்காலம் ஆவி குளிர்ந்து சுருங்கும்போது திரவம் தானே மேலே ஏறிக்கொள்ளும். மின்சாரமோ ஆளோ வேண்டாம். ஆனால் விரிவுத் தொட்டியைச் சின்னதாக வாங்கிச் செலவைக் குறைத்திருந்தால் இந்த வித்தை நடக்காது. பாதுகாப்பு வால்வு பீச்சியடித்துத் திரவம் மாடியில் ஓடும். எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைக்காலின் அமிலத்தன்மையைச் சோதித்து, கெட்டிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கிளைக்கால் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சுற்றில் வெறும் தண்ணீரும் கொஞ்சம் காற்றும். பம்ப் நின்றவுடன் பேனலில் உள்ள தண்ணீர் முழுவதும் வடிந்து கீழே ஒரு சின்னத் தொட்டிக்கு வந்துவிடும். உறைய அங்கே தண்ணீர் இல்லை, கொதிக்கவும் இல்லை. குழாய்கள் எல்லாம் வாட்டம் பார்த்துப் பதித்திருக்க வேண்டும், பம்ப் தினமும் காலையில் உச்சி வரை உண்மையாகவே தூக்க வேண்டும். நெதர்லாந்தில் இது பரவலான வகை.

சரி, உறைபனிக்காகப் பிறந்த இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் எதற்கு? ஊட்டிக்கு என்றால் நியாயம். டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்போம். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருக்கும்போதே, மேகமற்ற இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் புல்லும் கண்ணாடியும் தங்கள் சூட்டைக் கதிர்களாக வீசிக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். வானத்தை நோக்கிச் சாய்ந்து கிடக்கும் பேனலுக்கும் அதே கதிதான். ஆனால் ஈரோட்டிலும் திருப்பூரிலும் 'ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாடல்' என்று விற்கிறார்களே, அங்கே எந்தப் பனி?

அங்கே பகை உப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வரும் கால்சியம் பைகார்பனேட், சூடேறினால் கரியமில வாயுவைக் கைவிட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் பிரியும். அது கரையாது, சூடான சுவர் எதுவோ அதிலேயே படியும். சர்க்கரையும் சாப்பாட்டு உப்பும் தண்ணீர் சூடானால் அதிகம் கரையும், இது நேர்மாறு. சாதனத்தில் எந்த இடம் அதிகம் சூடாகிறதோ, எந்த இடம் சூட்டைக் கடத்த வேண்டுமோ, அங்கேயே முதலில் போய் உட்காரும். படிந்த பொருக்கு செம்போடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல் மந்தமாகத்தான் சூட்டைக் கடத்தும்.

நான்கைந்து ஆண்டு போர் தண்ணீர் குடித்த ஒரு வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். 58 மில்லிமீட்டர் விட்டம், 1.8 மீட்டர் நீளம், உள்ளே கிட்டத்தட்ட மூன்று லிட்டர் தண்ணீர் கொள்ளும் கண்ணாடிக் குழாய் அது. அடிமுனை மூடியிருப்பதால் உதிர்ந்தது வெளியேற வழியில்லை. தலைகீழாகக் கவிழ்த்தால் முதலில் கலங்கல் தண்ணீர், பிறகு முட்டை ஓட்டைப் போன்ற வெள்ளைச் செதில்கள், கடைசியில் கையளவு மணலும் சேறுமாகக் கொட்டும். "உள்ள பாருங்க சார், பாதி டியூப் உப்புதான்" என்று சர்வீஸ் ஆள் காட்டுவார். தட்டைப் பேனலில் அரை அங்குலச் செப்புக் குழாய்கள்; அவை அடைத்தால் கவிழ்த்துக் கொட்டவும் முடியாது, ஆசிட் விட்டுத்தான் கழுவ வேண்டும். ஒவ்வொரு கழுவலிலும் செம்பும் கொஞ்சம் போகும்.

ஒரு லிட்டரில் 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது. ஆகவே 300 ஒன்றும் அதிசயமில்லை. நாளுக்கு 100 லிட்டர் வெந்நீர் என்றால் சாதனத்துக்குள் தினமும் நுழையும் கடினப்பொருள் 30 கிராம். ஆண்டுக்கு 11 கிலோ. அதில் இருபதில் ஒரு பங்குதான் தங்குகிறது என்று வைத்தாலும் வருடத்துக்கு அரைக் கிலோ சுண்ணாம்பு. மூடிய சுற்றில்? சுற்றுக்குள் 10 லிட்டர்தான் இருக்கிறது. அதே போர் தண்ணீரையே ஊற்றினாலும் மொத்தம் 3 கிராம். அது ஒரு தடவை படியும், அத்தோடு முடிந்தது. புதிதாகக் கொண்டுவந்து கொட்ட யாரும் இல்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றிவிட்டால் அந்த 3 கிராமும் இல்லை. துருவுக்கும் இதே நியாயம். சுற்றுக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஒரு தடவை இரும்பைக் கடித்துத் தீர்ந்துபோகும்.

நம் ஊரில் விற்பதில் பம்பும் உணரியும் இருக்காது. தொட்டிதான் மாடியிலேயே இருக்கிறதே, பெய்லியின் தானே ஏறும் விதியே போதும். தொட்டியைச் சுற்றி இன்னொரு உறை. பேனலில் சூடான திரவம் அந்த உறைக்கு ஏறி, உள்தொட்டியின் சுவர் வழியாகச் சூட்டைக் கொடுத்துவிட்டு இறங்கும். போர் தண்ணீர் உள்தொட்டியோடு நின்றுவிடும், பேனலைப் பார்க்கவே பார்க்காது. இன்னொரு வகையில் ஏற்பாடு தலைகீழ். பெரிய தொட்டியில் இருப்பது மாறாத பழைய தண்ணீர். குளிக்கும் தண்ணீர் அதற்குள் சுற்றி வைத்த செப்புச் சுருளின் ஊடாக ஓடிச் சூடாகி வெளியே வரும். இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். ஆனால் இரண்டாவதில் உப்பு படியப்போவது விரல் பருமன் சுருளின் உள்ளே. டியூப் தப்பித்தது, சுருள் மாட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீர் சுருளின் உள்ளே ஓடுகிறதா, அகலமான தொட்டியில் நிற்கிறதா என்ற ஒரு கேள்வியைக் கடையில் கேட்டுவிட வேண்டும்.

உறை வகையிலும் படிவு அடியோடு ஒழிவதில்லை. உள்தொட்டியின் சுவரில் படியத்தான் செய்யும். அங்கே பரப்பு அதிகம், சுவரின் சூடு பேனல் அளவுக்கு உச்சத்துக்குப் போவதில்லை, மூடியைத் திறந்து சுரண்டவும் முடியும். ஐந்து ஆண்டுப் பிரச்சினை பத்து பதினைந்து ஆண்டுப் பிரச்சினையாகிறது. 'லைஃப்லாங் மெயின்டனன்ஸ் கிடையாது' என்று நோட்டீசில் போடுவது மிகை.

இதே ஏற்பாட்டைப் பெரிதாக்கினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கனடாவில் ஓர் உதாரணம் இருந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஒகோடோக்ஸ் ஊர், டிரேக் லேண்டிங் என்ற 52 வீட்டுக் குடியிருப்பு. 2007இல் இயங்கத் தொடங்கியது. கார் ஷெட்டுகளின் கூரையில் 800 பேனல்கள். அவற்றில் ஓடியது கிளைக்கால். அது ஒரு மையக் கட்டடத்தில் தன் சூட்டை இரண்டு பெரிய தொட்டித் தண்ணீருக்குக் கைமாற்றிவிட்டுத் திரும்பும். கோடையில் மிஞ்சிய சூடு அங்கிருந்து இன்னொரு சுற்றுக்குள் ஏறி, தரையில் 35 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிய 144 துளைகளின் வழியாக மண்ணுக்கே போகும். கோடை முடியும்போது அந்த மண் 80 டிகிரியை எட்டியது. பனிக்காலத்தில் அதே சூட்டை எடுத்து மூன்றாவது சுற்று வீடுகளுக்குக் கொண்டுபோகும். 2015–16 குளிர்காலத்தில் அந்த 52 வீடுகளுக்கும் வேண்டிய அறைச்சூடு முழுவதையும் வெயிலே கொடுத்தது. மைனஸ் 30க்குப் போகக்கூடிய ஊரில் இது சாதாரண விஷயமில்லை. பிறகு பாகங்கள் பழுதாகத் தொடங்கின, ஈடான உதிரிகள் கிடைப்பது கடினமாயிற்று, பராமரிப்புச் செலவு ஏறியது. 2024இல் மூட முடிவெடுத்து, வீடுகளுக்கு எரிவாயுவில் இயங்கும் அறைச்சூட்டுக் கருவிகளைப் பொருத்தினார்கள். இயற்பியல் கடைசி வரை சரியாகத்தான் இருந்தது. கைவிட்டது வால்வும் உதிரிப் பாகமும்.

அதனால்தான், வாங்கும் முன் ஊரில் சர்வீஸ் செய்ய ஆள் இருக்கிறாரா என்று விசாரிப்பது பேனலின் தரத்தை விசாரிப்பதற்குச் சமம். அதற்கும் முன்னால் தண்ணீரை விசாரிக்க வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் நேராக ஹீட்டருக்குப் போகும் வீட்டுக்கு மூடிய சுற்று வீண் செலவு. அந்தத் தண்ணீரில் படிய ஒன்றும் பெரிதாக இல்லை, திறந்த சுற்றே அதிக வெந்நீரும் தரும். அதே தெருவில் போர் தண்ணீரை மாடிக்கு ஏற்றும் வீட்டுக்கு, கூடுதல் விலையைக் கொடுத்தாவது உறை வகையை வாங்குவது லாபம். இரண்டையும் ஒரே சம்ப்பில் கலக்கும் வீடுகளில்தான் குழப்பம். அப்படிப்பட்டவர்கள் ஓவர்ஹெட் டேங்கிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு கடினத்தன்மையை எண்ணாகவே எழுதித் தருவார்கள். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை கொடுப்பது நல்லது. போர் தண்ணீரின் உப்பு இரண்டு பருவத்திலும் ஒன்றாக இருப்பதில்லை.